எம்.ஆர்.னு எழுதியாச்சு, அது போதும்

‘இவனுக்குத்தான் எம்.ஆர்.னு எழுதியாச்சே, அப்புறம் என்னம்மா? எம்.ஆர். பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும். போ, போய் மாத்திரை வாங்கிக்க.’

ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பதினொன்றரை மணிவரை வரிசையில் நின்ற என் அக்காவிடம் ஒரு மருத்துவர் சொன்ன வார்த்தைகள் இவை. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. மருத்துவருக்கு முப்பது இருக்கலாம். ஒருமையில் பேசியதை அக்கா கவனித்ததாகத் தெரியவில்லை, பழகிப் போயிருக்கும். நான் கவனித்தேன். அக்கா மகனுக்கு அப்போது பதிமூன்று. உள்ளே இருந்த மூன்று நிமிஷத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பலூனை அமுக்கினான், ஜன்னல் கொக்கியை ஆட்டினான், வெளியே ஓடினான், பிடித்து வந்தால் மறுபடி ஓடினான். மருத்துவர் அவன் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய சீட்டைப் பார்த்தார், அதில் இருந்த இரண்டெழுத்தைப் பார்த்தார், ஹாலோபெரிடால் எழுதினார்.

பையன் நாளுக்குப் பதினாறு மணிநேரம் தூங்கினான். விழித்திருந்த நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகியது. ஐந்தாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அடுத்த முறை போய்ச் சொன்னபோது கேட்ட முதல் கேள்வி: ‘அடங்கிட்டானா இல்லையா?’

அடங்கிட்டான் சார். அக்கா வீட்டுக்கு எதிர்ச் சுவரில் ‘அடங்க மறு’ என்று நம் தோழர்கள் எழுதிய எழுத்து இன்னும் அழியவில்லை. அதற்கு எதிரே திண்ணையில் கழுத்து கோணிக் கிடந்தான். அந்தச் சுவரைக் கடந்து தினம் போய் வருகிற நாம் யாரும், நான் உள்பட, இதை ஒரு பிரச்சினையாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை இந்த இதழில் எழுதுகிறேன்.

நான் வங்கியில் கணக்கெழுதுகிறவன், மருத்துவன் இல்லை. கவிதை எழுதுகிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மூன்று வருஷம் அக்காவோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதும், தேடிப் படித்ததும்தான் என் தகுதி.

விஷயம் இதுதான். ஏடிஹெச்டி என்று ஒரு குறைபாட்டைச் சொல்கிறார்கள். ஒன்றில் கவனம் நிற்காமை, ஓயாத இயக்கம், நினைத்த மாத்திரத்தில் செய்துவிடும் அவசரம். அறிவுசார் குறைபாடு என்பது வேறு. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். சொல்லப்போனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஏடிஹெச்டி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஆனால் முதல் பெயரை எழுதியவுடன் இரண்டாவதைத் தேடுவதை மருத்துவம் நிறுத்திவிடுகிறது. துள்ளினாலும் ஓடினாலும் அடித்தாலும் தூங்காவிட்டாலும் எல்லாம் ‘எம்.ஆர்.தான்’. இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், நோய்ப்பெயரின் நிழல் மறைப்பு என்று தமிழில் சொல்லலாம். 1982-இல் ஸ்டீவன் ரீஸும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கடுமையான பயத்தால் அவதிப்படும் ஒருவரைப் பற்றிய ஒரே குறிப்பு. ஒரு பகுதி உளவியலாளர்களிடம் அவருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டு என்று சேர்த்துச் சொன்னார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. அதே குறிப்புத்தான். ஆனால் குறைபாடு உண்டு என்று கேட்டவர்கள் அந்தப் பயத்தை ஒரு நோயாக மதிக்கத் தயங்கினார்கள்.

இந்தச் சோதனையை நமக்கு யாரும் செய்து காட்ட வேண்டியதில்லை. ஊர்த்தெருப் பிள்ளை பெஞ்சு மேல ஏறினா ‘துறுதுறுப்பு’. காலனிப் பிள்ளை ஏறினா ‘இதுங்க இப்படித்தான்’. ஒரு பெயரை முதலில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு ஆளைப் பார்க்காமல் இருப்பதைச் சாதியிடமிருந்து படித்தவர்கள் நாம். என் அக்கா மகன்மீது இரண்டு நிழல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் சாதியின் நிழல், ஆஸ்பத்திரியில் எம்.ஆர். நிழல். அம்பேத்கர் தான் உட்காரும் கோணியைத் தானே தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போன கதையை மேடைக்கு மேடை சொல்கிறோம். இவனை மூன்றாம் வகுப்பில் வாசற்படிக்கு வெளியே உட்கார வைத்தார்கள். ‘உள்ள இருந்தா மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது.’ அக்கா அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள், வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்களே என்று.

இதை நம் தோழர்கள் மத்தியில் பேசியபோது கிடைத்த பதில்கள் மருத்துவரின் பதிலைவிட அதிகம் வலித்தன.

ஒரு தோழர், நல்ல வாசகர், ஃபூக்கோவைக் கொண்டுவந்தார். பைத்தியம் என்பதே அதிகாரத்தின் சொல்லாடல், மருத்துவம் உடல்களை வகைப்படுத்தி ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது, நீங்கள் மேலும் ஒரு வகைப்பாட்டைக் கேட்டு வாங்கப் பார்க்கிறீர்கள் என்றார். அழகாகப் பேசினார். தோழர், உங்கள் வீட்டில் யாராவது நடவுக்குப் போகும்போது பிள்ளையைப் பழைய புடவையால் தூணில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்களா? என் அக்கா போயிருக்கிறாள். கட்டாமல் போன ஒருநாள் அவன் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்ததை லாரிக்காரர் ஒருவர் பார்த்து இறங்கிப் பிடித்தார். வகைப்படுத்தாமல் விட்டால் அந்த உடல் விடுதலை ஆகிவிடவில்லை, தூணுக்குத்தான் போயிற்று. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கட்டிவைத்தது மருத்துவத்தின் அதிகாரம் அல்ல, மருத்துவம் வராத இடம். மருத்துவம் அதிகாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த அதிகாரம் நம் பிள்ளைக்கு மூன்று நிமிஷம் கொடுக்கிறது, நகரத்தில் காசுள்ளவன் பிள்ளைக்கு ஒரு மணிநேரம் கொடுக்கிறது. என் சண்டை அந்த ஐம்பத்தேழு நிமிஷத்துக்கானது.

இன்னொருவர் ‘அது ஏசி ஸ்கூல் வியாதிப்பா, மருந்துக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சது’ என்றார். மருந்துக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902-இல். மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து உருவானது 1944-இல், ரிட்டாலின் என்று விற்பனைக்கு வந்தது 1954-இல். மருந்து வருவதற்கு நாற்பது வருஷம் முன்பே பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்டில் இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார், அந்தக் காலத்து வெள்ளைக்கார மேட்டிமைத்தனம் அதில் இருக்கிறது. இருந்தாலும் அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் இது உண்டு என்று இரு சாராரையும் அவர் பேசினார். 1902-இல் பேசப்பட்டதை இன்றைக்கு நம் ஊர் ஓ.பி.யில் பேச வைக்க முடியவில்லை.

மூன்றாவது எதிர்ப்புத்தான் எனக்கு முக்கியம். ஒரு மூத்த தோழர், ஆசிரியர், கேட்டார்: ‘ஏற்கனவே நம்ம பிள்ளைங்களை மக்குன்னு சொல்றானுங்க. நீயே போய் இன்னொரு முத்திரை வாங்கிட்டு வந்து குடுக்கிறியே?’

இந்தப் பயம் வெறும் பயம் அல்ல, வரலாறு. இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பிள்ளைகளை எப்படி மந்தப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள் என்று 1971-இல் பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூல் எழுதினார். கறுப்பினப் பெற்றோர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரண்டார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவரில் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்த கறுப்பினப் பிள்ளைகள், மந்தப் பிள்ளைகளுக்கான வகுப்புகளில் நான்கில் ஒருவராக இருந்தார்கள். நுண்ணறிவுச் சோதனையை வைத்து அவர்களை அங்கே அனுப்பக்கூடாது என்று லாரி பி. வழக்கில் 1979-இல் தீர்ப்பு வந்தது. நம்மிடமும் அந்தச் சோதனை வெளியூர்ச் சரக்குத்தான். பாரிஸில் பினே 1905-இல் செய்தது, அமெரிக்கா போய் இனவாதிகளின் கையில் ஆயுதமாகி, இங்கே காமத் கைபட்டு பினே-காமத் சோதனையாக நம் பிள்ளைகள் முன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆக, தோழர் சொல்வது சரி. சரி என்பதால்தான் நான் சொல்வதும் சரியாகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் சோதனை எதை அளக்கிறது? உட்கார்ந்து, கேள்வியைக் கடைசிவரை கேட்டு, எண்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லி, பிறகு அடுத்த கேள்விக்குப் போக முடிகிறவனுடைய அறிவை அளக்கிறது. உட்காரவே முடியாத பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். அவனுடைய அறிவு எவ்வளவு, கவனம் நிற்காமல் கைவிட்டுப் போனது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. ஏடிஹெச்டியைப் பார்க்காமல் விட்டால் மந்தம் என்ற முத்திரை இன்னும் ஆழமாகத்தான் பதியும். முத்திரைக்குப் பயந்து தேடாமல் இருப்பது, இருக்கிற முத்திரையை நிரந்தரமாக்கிக் கொடுப்பதில் போய் முடியும்.

அப்படியென்றால் துள்ளுகிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரா? இல்லை. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனின் அறிவு வளர்ச்சி ஆறு வயதுக்கானது என்றால், அவனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். ஆறு வயசுப் பிள்ளை பத்து நிமிஷம் மண்ணில் உட்கார்ந்து விளையாடும், சோற்றை முழுசாகத் தின்னும். இவனால் இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை என்றால் அறிவுசார் குறைபாடு மட்டும் அதை விளக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடே இதைத்தான் சொல்கிறது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒரு இடத்துக்கு மேல் தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தச் சோதனை வேண்டாம். அம்மாவிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் இங்கே நடக்காதது. காலனிப் பொம்பளை சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள இந்த நாட்டில் போலீஸ் ஸ்டேஷனும் தயாராக இல்லை, ஓ.பி.யும் தயாராக இல்லை.

பெரியவர்கள் நிலைமை இன்னும் மோசம். மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை என்று ஒரு பட்டதாரி சொல்வார், கேட்பார்கள். பேச்சு குறைவான ஒரு முப்பது வயது ஆள் அதை எப்படிச் சொல்வார்? ராத்திரியில் எழுந்து நடப்பார், கடையில் கண்ட பொருளைக் கையில் எடுப்பார், வரிசையில் நிற்காமல் முன்னால் போவார். அவர் நம் தெருக்காரர் என்றால் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போவார்கள். அங்கே அடி விழும்போது அவர் ஓடப் பார்ப்பார். ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மருந்து. அடக்குகிற மருந்தைப் பற்றி முதலில். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் ஆக்ரோஷத்துக்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், வெறும் மாவு மாத்திரை மூன்றையும் கொடுத்து 86 பேரிடம் ஒப்பிட்ட ஒரு சோதனை 2008-இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று சாராரிடமும் ஆக்ரோஷம் குறைந்தது. அதிகமாகக் குறைந்தது மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிடம்! இங்கிலாந்தில் 30,000 முதல் 35,000 பேர் வரை இப்படி உரிய நோய்க் காரணம் இல்லாமலே மனநல மருந்துகளைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அந்த அரசே 2015-இல் கணக்குச் சொல்லி, மறு வருஷம் அதை நிறுத்த இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் இப்படியொரு கணக்கை எடுக்கச் சொல்லி நாம் கேட்டதுகூடக் கிடையாது.

மறுபக்கம், மெதில்ஃபெனிடேட். அறிவுசார் குறைபாடும் கடும் ஏடிஹெச்டியும் சேர்ந்த 122 பிள்ளைகளிடம் 16 வாரம் நடந்த இங்கிலாந்துச் சோதனை 2013-இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ 40 சதம் பேரிடம் தெளிவான முன்னேற்றம், மாவு மாத்திரைக்காரர்களில் 7 சதம். நாற்பதுதான், நூறு இல்லை. மற்றப் பிள்ளைகளிடம் வேலை செய்கிற அளவு இவர்களிடம் வேலை செய்வதில்லை. பசி குறையும், தூக்கம் கெடும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி, மெள்ள ஏற்றி, எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது: காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தசோகை உண்டா, தூங்குகிறானா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான்.

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் என் அக்கா மகன் சிக்கியிருந்தான். நாலு வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு. அதற்கு ஃபீனோபார்பிடோன் கொடுத்து வந்தார்கள். மலிவான பழைய மருந்து, ஏழைகளின் வலிப்பு மருந்து. வலிப்பை நிறுத்தும். ஆனால் பிள்ளைகளில் பலரை அதுவே நிலைகொள்ளாமல் துள்ள வைக்கும். இது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஒன்பது வருஷமாக ஒருவரும் அக்காவிடம் சொல்லவில்லை. துள்ள வைக்கிற மருந்தை ஒரு கையிலும் துள்ளலை அடக்குகிற மருந்தை இன்னொரு கையிலும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு நண்பர் மூலமாக வேறொரு நகரத்தில் வயதான ஒரு மருத்துவரிடம் போனோம். நாற்பது நிமிஷம் அக்காவிடம் பேசினார். ‘நீங்க சொல்லுங்கம்மா’ என்றார். அந்த ‘ங்க’வுக்கே அக்கா அழுதுவிட்டாள். முதலில் ஹாலோபெரிடாலை நிறுத்தினார். வலிப்பு மருந்தை ஒரேயடியாக அல்லாமல் வாரக்கணக்கில் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். துள்ளலில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. மிச்சம் இருந்ததுக்குத்தான் மெதில்ஃபெனிடேட். கூடவே சில ஏற்பாடுகள்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதுவும் ஐந்து நிமிஷம், முடித்ததும் எழுந்து ஓட அனுமதி, சொல்வதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவது. படம் வரைந்தது நான். குடம் என்று நினைத்து வரைந்ததை அவன் கோழி என்றான்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கும் அவனுக்கு எழுத்துக் கூட்ட வராது. மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று மருந்தளவை ஒரு தடவை குறைத்தார்கள். ஆனால் தட்டின் முன் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கிறான். தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வருகிறான், ஒன்று பாதி சிந்தியிருக்கும். தூணில் இருந்த புடவை இல்லை.

இதற்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும். மெதில்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற மருந்து. பக்கத்து மருந்துக்கடையில் கிடைக்காது. கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். நம் தெருப் பொம்பளை அந்தச் சீட்டை நீட்டினால் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஐந்து மணிநேரப் பயணம், ஒருநாள் கூலி போகும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை வரிசைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் ஏடிஹெச்டி இல்லை. சான்றிதழுக்கு அறிவுசார் குறைபாடு போதும் என்பதால், அதற்குமேல் எதையும் தேட அதிகாரிக்குக் காரணம் இல்லை. அட்டையில் எழுதியாச்சு, அது போதும்.

போன மாதம் நம் தோழர்கள் விடுதிப் பிரச்சினைக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். நானும் போனேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாளாவது இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும், அடக்குகிற மருந்து எழுதினால் எதற்கு என்று சீட்டில் காரணம் எழுத வேண்டும், மெதில்ஃபெனிடேட் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும் என்று மூன்று வரியை மனுவில் சேர்க்கச் சொன்னேன். ‘இது தனியா குடுக்கலாம் தோழர், இதுல சேர்த்தா கோரிக்கை நீர்த்துப் போயிடும்’ என்றார்கள். தனியாகக் கொடுக்க வருகிறேன் என்று அங்கேயே நான்கு மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். அடுத்த திங்கள் மனு நாள். அக்கா வருகிறாள், பையனையும் கூட்டி வருகிறாள். வரிசையில் அவன் நிற்க மாட்டான், அதற்கும் இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்.